மழை ரேடாருக்கு ஆப்பு வைத்த வைஃபை

2009-ஆம் ஆண்டின் தொடக்கம். போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவான். அங்குள்ள விமான நிலையத்துக்காக வானத்தைக் கவனித்துவந்த வானிலை ரேடாரில் ஏதோ கோளாறு. வட்டமான திரையின் நடுப்புள்ளியில் தொடங்கி விளிம்புவரை நேராக ஒரு பட்டை ஓடியது. போகப்போக அகலமாகி ஆப்பு வடிவில் விரிந்தது. எந்த மேகமும் இப்படி நிற்காது. விசாரித்ததில் அகப்பட்டது, நம் வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை ரவுட்டரின் நெருங்கிய உறவுக்காரன்.

இரண்டரை லட்சம் வாட் ஆற்றலில் துடிக்கும் ஒரு ரேடாரை, ஒரு வாட்டைத் தாண்டாத சின்னக் கருவி எப்படிக் குழப்பும்? அதற்கு முன், அந்த ரேடார் அங்கே ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இறங்கவிருந்த போயிங் 727 ஒன்று, ஓடுபாதையை எட்டுவதற்குள் தரையில் விழுந்தது. 113 பேர் இறந்தார்கள். சற்று முன்புதான் வேறு விமானங்கள் பத்திரமாக இறங்கியிருந்தன. புதிரை அவிழ்த்தவர் ஜப்பானில் பிறந்த வானிலை அறிஞர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1945-இல் அணுகுண்டு விழுந்த நாகசாகியை நேரில் ஆராய்ந்தவர் அவர். மேலிருந்து வரும் ஒரு பெரும் அதிர்ச்சி தரையில் எப்படி நட்சத்திர வடிவில் சிதறும் என்பது அவர் கண்ணிலேயே இருந்தது. சில புயல்களுக்குப் பிறகு காட்டு மரங்கள் அதே நட்சத்திர வடிவில் சாய்ந்து கிடப்பதைப் பின்னாளில் விமானத்திலிருந்து பார்த்தார். சுழற்காற்று அடித்தால் மரங்கள் அப்படி விழாது. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே கொட்டி, தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது என்றார். இதன் சிறிய வடிவம்தான் ‘மைக்ரோபர்ஸ்ட்’. தமிழில் குறுங்கீழ்வீச்சு என்று வைத்துக்கொள்வோம். அகலம் 4 கிலோமீட்டருக்குள். ஆயுள் சில நிமிடங்கள். சக அறிஞர்கள் பலர் நம்பவில்லை. 1978-இல் சிகாகோ அருகே, காற்றின் வேகத்தையும் அளக்கும் டாப்ளர் ரேடார்களை நிறுத்தி அவரே அதைப் பிடித்துக் காட்டினார்.

குறுங்கீழ்வீச்சுக்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைக்கும். இறக்கை தூக்கும், விமானி எஞ்சின் விசையைக் குறைப்பார். அடுத்த சில விநாடிகளில் மேலிருந்து காற்று அமுக்கும். அதைத் தாண்டினால் பின்னாலிருந்து காற்று தள்ளும். இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகம் சட்டென்று விழும். தரைக்கு இருநூறு மீட்டர் உயரத்தில் இது நடந்தால் மீள இடமில்லை. 1982-இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே 153 பேர், 1985-இல் டல்லாஸில் 137 பேர் இப்படித்தான் போனார்கள். அதன் பிறகே, விமான நிலையங்களுக்கென்று தனி டாப்ளர் வானிலை ரேடார் அமைக்க அமெரிக்கா முடிவு செய்தது. இன்று அங்கே இப்படி 45 ரேடார்கள் இயங்குகின்றன.

இந்த ரேடாரின் கூர்மையைப் பாருங்கள். அதன் கதிர் அரை டிகிரிக்குச் சற்றே மேல் அகலம். வானில் முழு நிலா அடைத்துக்கொள்ளும் இடம் அவ்வளவுதான். ஒரு விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளை அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் ஏறத்தாழ ஒரு மைக்ரோவிநாடி, அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீளம். 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மழைத்துளியில் பட்டுத் திரும்ப 200 மைக்ரோவிநாடி ஆகும். எத்தனை மைக்ரோவிநாடி கழித்து எதிரொலி வந்தது என்பதிலிருந்து தூரம் கிடைத்துவிடும்.

வேகத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை இன்னும் நுட்பமானது. இந்த ரேடாரின் அலை விநாடிக்குச் சுமார் 560 கோடி முறை அதிரும். துளி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்தால், திரும்பி வரும் அலையில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 374 மட்டும் கூடும். 560 கோடியில் 374! இந்த வித்தியாசத்தைத்தான் ரேடார் அளக்கிறது. ஒரு பக்கம் துளிகள் நெருங்கி வருகின்றன, பக்கத்திலேயே விலகி ஓடுகின்றன என்றால், அங்கே காற்று நாலாபுறமும் சிதறுகிறது என்று பொருள். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு எச்சரிக்கை போய்விடும்.

இவ்வளவு கூர்மைக்கும் ஒரு விலை உண்டு. அனுப்புவது இரண்டரை லட்சம் வாட். மெல்லிய தூறலிலிருந்து திரும்பி வருவதோ, ஒரு வாட்டை நூறு லட்சம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அதையும் கேட்டாக வேண்டும் என்பதற்காக 7.6 மீட்டர் அகலத் தட்டு, அது குவிக்கும் சக்தி லட்சம் மடங்கு. இப்போது 20 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கட்டடத்து உச்சியில், அதே அலைவரிசையில், ஒரு வாட் வலுவுள்ள வைஃபை ஆண்டெனா நேர்ப்பார்வையில் நிற்கிறது என்று கணக்குப் போடுங்கள். ரேடாரின் கதிர் மழைக்குப் போய்ச் சிதறித் திரும்ப வேண்டும். வைஃபை அலைக்கோ ஒருவழிப் பயணம். வந்து சேரும்போது அது அந்த மெல்லிய எதிரொலியைவிடப் பல ஆயிரம் மடங்கு பலமாக இருக்கும்.

திரையில் ஆப்பு விழும் மர்மமும் இங்கேதான். ரேடாருக்குத் தூரம் என்பது நேரம்தான். எதிரொலி எப்போது வந்ததோ அதற்கேற்ற தூரத்தில் புள்ளி வைக்கும். வைஃபை விட்டுவிட்டுப் பேசினாலும் ஓயாமல் பேசுகிறது; ஆகவே எல்லாத் தூரத்திலும் புள்ளி விழுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொலைவிலிருந்து வரும் எதிரொலி பலவீனமாகத்தான் இருக்கும் என்று தெரிந்து, ரேடார் கணினி அதைப் பெருக்கிக் காட்டும். எங்கும் ஒரே அளவில் இருக்கும் வைஃபை இரைச்சல், 10 கிலோமீட்டரில் காட்டுவதைவிட 80 கிலோமீட்டரில் 64 மடங்கு பலமான எதிரொலியாகக் கணக்காகிவிடும். ரேடார் பொய் சொல்லவில்லை. கேட்டதை நேர்மையாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறது. அந்தத் திசையில் நிஜமாகவே ஒரு குறுங்கீழ்வீச்சு இருந்தால் அது இந்த இரைச்சலுக்குள் மறைந்துபோகலாம். இதில் ஒரே நல்லது, ஆப்பு நீளும் பக்கம் குற்றவாளி இருக்கும் திசையைக் காட்டிக்கொடுப்பது. அரை டிகிரிக் கதிர் 20 கிலோமீட்டரில் 200 மீட்டர் அகலம்கூட இருக்காது. அந்த வரிசையில் உள்ள உயரமான ஆண்டெனாக்களைத் தேடினால் போதும்.

சரி, இந்த இருவரையும் ஒரே வீட்டில் குடிவைத்தது யார்? 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை வைஃபை வகைக் கருவிகளுக்கும் திறந்துவிட்டது. விமான நிலைய ரேடார்கள் 5600 முதல் 5650 வரை ஏற்கெனவே குடியிருந்தன. தனி உரிமம் வாங்காமல் இயக்கலாம், ஆனால் ரேடார் பேசினால் எழுந்து போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. இதன் பெயர் டி.எஃப்.எஸ்., அதாவது நிலைமைக்கேற்ப அலைவரிசையைத் தானே மாற்றிக்கொள்ளுதல். கருவி ஓர் அலைவரிசையில் வாயைத் திறப்பதற்கு முன் 60 விநாடி காது கொடுக்க வேண்டும். ரேடார் துடிப்பு கேட்டால் அங்கே வரக் கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டால் 10 விநாடிக்குள் விலக வேண்டும். 30 நிமிடம் திரும்பிப் பார்க்கக் கூடாது. வானிலை ரேடார் பகுதிக்கு ஐரோப்பா இன்னும் கறார்: 60 விநாடி போதாது, 10 நிமிடம் கேள் என்கிறது. என்னைக் கேட்டால் ஐரோப்பா சொல்வதே சரி. மெல்லிய கதிர் சுழன்று ஒரு கருவியைக் கடப்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு. அதற்குள் சில துடிப்புகளை வைத்து ரேடாரை அடையாளம் காண வேண்டும்.

ஏற்பாடு அழகானது, ஆனால் மனிதர்கள் நடுவில் இருக்கிறார்கள். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விசாரித்ததில், பெரும்பாலான குறுக்கீடுகளுக்கு வீட்டு ரவுட்டர்கள் காரணமில்லை என்று தெரிந்தது. கம்பியில்லா இணையம் தரும் சிறு நிறுவனங்கள் உயரமான கட்டடங்களிலும் கோபுரங்களிலும் பொருத்திய வெளிப்புறக் கருவிகளே காரணம். சிலவற்றில் டி.எஃப்.எஸ். வேலையே செய்யவில்லை. சிலவற்றில் ‘நாடு’ என்ற இடத்தில் வேறு அமைப்பைத் தேர்ந்தெடுத்து அதை முடக்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான டாலர் அபராதங்கள் விழுந்தன. ரேடாரிலிருந்து 35 கிலோமீட்டருக்குள் இருந்தால் அதன் அலைவரிசையிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நில் என்று அறிவுறுத்தல் வந்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் ரேடார்கள் குடியிருக்கும் அந்த 50 மெகாஹெர்ட்ஸையே வைஃபைக்கு மூடிவிட்டன. அமெரிக்காவோ 2014-இல், பயனர் மென்பொருளில் கைவைத்து விதியை மீற முடியாதபடி கருவிகளைத் தயாரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் போட்டது.

உங்கள் ரவுட்டரை அணைத்துப் போடும்போது 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு மட்டும் ஒரு நிமிடம் தாமதமாக வருகிறதா? பழுது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் ரேடார் இருக்கிறதா என்று அது கேட்டுக்கொண்டிருக்கலாம். கூடுதல் சேனல் கிடைக்கும், வேகம் கூடும் என்று யாராவது யோசனை சொன்னாலும், அமைப்புகளில் ‘நாடு’ என்ற இடத்தில் நீங்கள் வசிக்கும் நாடே இருக்கட்டும். மொட்டை மாடியிலோ கோபுரத்திலோ ஆண்டெனா பொருத்துபவர் என்றால் இதை இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.