தண்ணீர் லாக்கரில் எவ்வளவு தண்ணீர்? பாலிஷ் தொழிலாளர்கள் கவனிக்க!

மும்பை ஜோகேஸ்வரியில், ஓஷிவாரா பக்கம் போனால் வரிசையாக மரச்சாமான் கடைகள். அங்கும் நகரின் மற்றப் பட்டறைகளிலும் பாலிஷ் வேலை செய்வோருக்குப் புதுச் சோதனையாக வந்திருக்கிறது தண்ணீர் லாக்கர்.

பழைய என்.சி. லாக்கரில் தின்னர் வாடை மூக்கைத் துளைக்கும். ஒரு தீப்பொறி போதும், பட்டறையே எரிந்துவிடும். தண்ணீர் லாக்கரில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பழைய கைப்பழக்கம் இதற்கு உதவாது.

பாதிக்குப் பாதி கூடாது

என்.சி. லாக்கரில் சரிபாதி தின்னர் கலந்து அடிப்பது பல பட்டறைகளில் வழக்கம். அதில் பிசின் தின்னரில் கரைந்திருக்கிறது. தண்ணீர் லாக்கரிலோ பிசின் கரைவதில்லை. பாலில் கொழுப்பு மிதப்பதுபோலச் சிறு துளிகளாக மிதக்கிறது. தண்ணீர் உலர உலரத் துளிகள் நெருங்கி ஒட்டிப் படலமாகின்றன. தண்ணீர் மிஞ்சினால் நிற்கும் பலகையில் லாக்கர் வழியும், படலம் மெலியும், மர நார் எழும்பிச் சொரசொரக்கும்.

பல டப்பாக்களில் 5 முதல் 10 சதவீதம் வரைதான் அனுமதி. அதாவது 1 லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி. சில சரக்குக்குத் தண்ணீரே தேவையில்லை. டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே கலக்க வேண்டும். என்.சி. தின்னரைத் தப்பித்தவறியும் ஊற்றக்கூடாது. பால் திரிவதுபோல் திரிந்து, டப்பா முழுவதும் பாழாகும்.

கப்பும் கடிகாரமும்

கண்மதிப்பு வேண்டாம். அடியில் துளையுள்ள ஃபோர்டு கப் கடைகளில் கிடைக்கிறது. துளையை விரலால் அடைத்து லாக்கரை நிரப்புங்கள். விரலை எடுத்து, ஒழுக்கு அறும்வரை வினாடிகளை எண்ணுங்கள். டப்பாவில் சொன்னதைவிட அதிகமானால் 20 மில்லி தண்ணீர் சேர்த்து மறுபடி பாருங்கள். அனுமதித்த அளவு தீர்ந்தும் கெட்டியாக இருந்தால், ஸ்பிரே கன்னில் பெரிய நாசில் போடுவதே வழி.

போர்வெல் உப்புத்தண்ணீர் ஆகாது. காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது. டப்பாவைக் குலுக்கினால் நுரைக்கும். நுரை பலகையில் கொப்புளமாகும். மெதுவாகக் கலக்கி வடிகட்டுங்கள்.

மழைக்காலத்தில்...

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றே ஈரம். லாக்கர் உலரத் தாமதமாகும். அடித்தவுடன் பால்போல் வெளுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், உலர்ந்தால் தெளியும். தெளியுமுன் அடுத்த கோட் அடித்தால் வெளுப்பு உள்ளேயே தங்கிவிடும். 'இன்றே முடி' என்று யார் அவசரப்படுத்தினாலும் மெல்லிய கோட்டாக அடித்துக் காத்திருப்பதே நல்லது.

வாடை குறைவு என்று முகமூடியைக் கழற்றிவிடாதீர்கள். பறக்கும் துகள் நுரையீரலுக்குள் போகும்.

பலகை கெட்டால் பிடித்தம் நம் கூலியில்தான். ஆகவே முதலில் ஒரு துண்டுப் பலகையில் அடித்து, உலர்ந்தபின் மேஸ்திரியிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அப்புறம் அலமாரியில் கை வையுங்கள்.