காதால் வளர்ந்த ரசனை: பட்டாசு நாட்டில் டெஸ்ட் கிரிக்கெட்

நெடுங்கால ரசிகர்களுக்கு டெஸ்ட் கிரிக்கெட்டில் ஈடுபாடு குறைந்துவருவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், காலம் வேகமெடுத்துவிட்டது, மக்களிடம் பொறுமை இல்லை என்பதாகும். இளைய தலைமுறைக்கு இது ஓரளவு பொருந்தலாம். ஆனால், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஓர் ஓட்டம்கூட வராத ஓவர்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்த ரசிகர்கள் இன்று அறுபது வயதைக் கடந்து, பொறுமையும் ஓய்வும் முன்பைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் நிலையில், அந்த ஆட்டத்தைக் கைவிடுவதை இக்காரணம் விளக்குவதில்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தின் தொழில் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் வேறொரு காரணம் புலப்படும். இங்கே டெஸ்ட் கிரிக்கெட் கண்ணால் பார்க்கப்பட்ட ஆட்டமாக இருந்ததைவிட, கை வேலை செய்துகொண்டிருக்கக் காதால் பின்தொடரப்பட்ட ஆட்டமாகவே இருந்தது. அந்த வழி அடைபட்டபோது ஆர்வமும் மெல்ல வற்றியது.

டெஸ்ட் என்பது ஐந்து நாள் ஆட்டம். ஒவ்வோர் அணியும் இரண்டு முறை பேட் செய்யும். நாளொன்றுக்கு 90 ஓவர்கள் வீசப்பட வேண்டும். மதிய உணவு, தேநீர் ஆகிய இடைவேளைகளால் ஒரு நாள் மூன்று பகுதிகளாகப் பிரியும். ஐந்து நாள் முடிந்தும் முடிவு கிட்டாவிட்டால் ஆட்டம் ‘டிரா’ ஆகும், அதாவது வெற்றி தோல்வியின்றி முடியும். 1877 மார்ச்சில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதியதில் தொடங்கிய இவ்வடிவத்தில் இந்தியா 1932 இல் லார்ட்ஸ் மைதானத்தில் அடியெடுத்து வைத்தது. முதல் வெற்றிக்கு இருபது ஆண்டுகள் காத்திருந்து, 1952 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்றது. வினூ மன்கட் 12 விக்கெட்டுகளைச் சாய்த்த அந்த ஆட்டம்தான் தமிழ்நாட்டு ரசிகர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் முதல் பக்கம்.

அக்காலத்து ரசிகரின் பொறுமைக்கு ஒரு சான்று போதும். 1964 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராகப் பந்து வீசிய பாபு நட்கர்னி, முதல் இன்னிங்ஸில் 32 ஓவர்கள் வீசி 5 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்தார். அவற்றில் 27 மெய்டன்கள், அதாவது ஓட்டமே வராத ஓவர்கள். தொடர்ச்சியாக 21 ஓவர்களில் ஒருவராலும் அவர் பந்தில் ஓர் ஓட்டமும் எடுக்க முடியவில்லை. ஒரு விக்கெட்டும் விழாத இந்தப் பந்துவீச்சை அறுபது ஆண்டுகள் கடந்தும் சொல்லிச் சொல்லி மகிழும் கூட்டம், ஆட்டம் மெதுவாக இருக்கிறது என்பதற்காக அதை விட்டு விலகியிருக்க வாய்ப்பில்லை.

சென்னையின் டெஸ்ட் ஆட்டங்களில் பல பொங்கலை ஒட்டியே நடந்ததால் ‘பொங்கல் டெஸ்ட்’ என்ற பெயரே நிலைபெற்றிருந்தது. 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் ஆன்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்துக்கொண்டிருக்க, குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97 ஓட்டங்களும், 1982 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக அவரே எடுத்த 222 ஓட்டங்களும், 1988 ஜனவரியில் தம் முதல் டெஸ்டிலேயே நரேந்திர ஹிர்வானி 16 விக்கெட்டுகளை அள்ளியதும் பொங்கலை ஒட்டி நிகழ்ந்தவை. பண்டிகை விடுமுறையும் ஆட்டமும் ஒன்றாக வந்ததால், அடுத்த டெஸ்ட் எப்போது என்று யாரையும் கேட்க வேண்டிய தேவை ரசிகருக்கு இல்லை. காலண்டரே அதைச் சொல்லிற்று.

ஆனால் சேப்பாக்கம் சிவகாசியிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஐந்து நாள் கடையை மூடிவிட்டோ கூலியை இழந்துவிட்டோ சென்னைக்குப் போய்ப் பார்ப்பது இவ்வட்டாரத்தில் மிகச் சிலருக்கே இயன்ற காரியம். மற்றவர்களுக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தவை வானொலியும் மறுநாள் செய்தித்தாளுமே. அகில இந்திய வானொலியின் நேர்முக வர்ணனை பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி வந்தது. சென்னையில் ஆட்டம் நடக்கும்போது தமிழ் வர்ணனையும் கிடைத்தது. தெற்கத்திச் சீமைக்காரரான சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் குரல்வழியாகவே, கவர் திசை எது, மிட் ஆன் எங்கே என்பதை மைதானத்தையே பார்த்திராத பலரும் மனத்துக்குள் வரைந்துகொண்டார்கள்.

இந்தக் கேட்கும் பழக்கம் இவ்வட்டாரத்தில் ஏன் அவ்வளவு எளிதாக வேரூன்றியது என்பதற்கு இங்குள்ள தொழில்களின் இயல்பே விடை. 1920களில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட அடித்தளத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என மூன்று தொழில்கள் சிவகாசியில் வளர்ந்தன. மூன்றிலும் கைவேலையின் பங்கு பெரிது. பெரும்பாலான கூலி, செய்து முடித்த உருப்படிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தீப்பெட்டி ஒட்டுகிறவருக்கோ, பைண்டிங் பிரிவில் தாள் மடிக்கிறவருக்கோ, காலண்டரின் தலைப்பில் தகரம் அடிக்கிறவருக்கோ கண்ணும் கையும் வேலையில் கட்டுண்டிருந்தாலும் காது சும்மாதான் இருக்கும். விருதுநகரில் வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் வியாபாரம் நடக்கும் கமிஷன் கடைகளிலும் இதே நிலைதான். சரக்கு வந்து, எடை போட்டு, விலை பேசி முடியும் நேரத்துக்கிடையே கணக்குப் பிள்ளை வர்ணனையைக் கேட்டபடியே பேரேட்டை எழுதலாம். டெஸ்ட் ஆட்டம் இத்தகைய நாளுக்கு மிகவும் இசைவானது. ஓவருக்கும் ஓவருக்கும் இடையே மூச்சுவிட நேரம் உண்டு. பத்து நிமிடம் கவனம் தவறினாலும் கதை கைவிட்டுப் போகாது. நாள் முழுதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

1986 செப்டம்பர் 22 ஒரு திங்கட்கிழமை, அதாவது வேலை நாள். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் கடைசி நாளான அன்று, இந்தியா 348 ஓட்டங்களை விரட்டிக்கொண்டிருந்தது. கிரெக் மாத்யூஸ் வீசிய கடைசி ஓவர் தொடங்கியபோது கையில் ஒரே விக்கெட், தேவை நான்கு ஓட்டங்கள். ரவி சாஸ்திரி மூன்று ஓட்டங்களை எடுத்து எண்ணிக்கையைச் சமன் செய்துவிட்டு மறுமுனைக்குச் சென்றார். ஐந்தாவது பந்தில் மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ முறையில் ஆட்டமிழந்தார். இரு அணிகளின் மொத்த ஓட்டமும் சமமாகி, 1960 இல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு வரலாற்றில் இரண்டாவது முறையாக டெஸ்ட் ஆட்டம் ‘டை’ ஆனது. வாரத்தின் முதல் வேலை நாளில் நிகழ்ந்த இம்முடிவைத் தென்மாவட்டங்களில் பணியிடத்தைவிட்டு நகராமல் தெரிந்துகொள்ள வானொலியே வழி. அந்த ஓவரைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்களே இப்பக்கம் மிகுதி என்று கருதுவதில் தவறில்லை.

தொலைக்காட்சி பரவியபோது முதல் மாற்றம் ஏற்பட்டது. தூர்தர்ஷன் காலத்தில் ஆட்டம் இலவசமாக வந்தாலும், திரை கண்ணைக் கேட்டது. கண்ணைக் கொடுத்தால் வேலை நிற்கும். 1995 இல் வானலை அரசின் தனியுடைமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின் ஒளிபரப்பு உரிமை பெரும் வணிகமாயிற்று. ஆட்டம் கட்டணச் சேனல்களுக்கும், பிறகு கைபேசிச் செயலிகளுக்கும் நகர்ந்தது. பட்டாசு ஆலைக்குள் கைபேசியைக் கொண்டுபோக முடியாது. தீப்பொறி எழுப்பக்கூடிய எதுவும் மருந்து இருக்கும் அறைகளின் பக்கம் வரக்கூடாது என்பது உயிர் காக்கும் விதி. மற்ற தொழில்களிலும் கையில் கைபேசி இருந்தால் உருப்படி எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். 2017 இல் தமிழுக்கென்றே தனி விளையாட்டுச் சேனல் வந்து, தமிழ் வர்ணனை முன்னெப்போதையும்விடப் பெருகியிருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்தக் குரல் திரையோடு பிணைக்கப்பட்ட குரல். காதுக்கு மட்டும் என்று வந்த ஆட்டம் கண்ணுக்கான ஆட்டமாக மாறியபோது, பகலில் வேலை செய்பவர் அதன் வெளியே நிறுத்தப்பட்டார்.

இந்த இடைவெளியில்தான் 2008 ஏப்ரலில் ஐபிஎல் வந்தது. ஓர் அணிக்கு இருபது ஓவர் என்ற அளவில், மாலை வேளையில் தொடங்கி, உறங்கப் போகுமுன் முடிந்துவிடும் அந்த ஆட்டம் வேலை முடிந்து வந்தவரின் நேரத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கென்று ஓர் ஊர்ப்பற்றும் சென்னை சூப்பர் கிங்ஸ் வழியாகக் கிடைத்தது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது என்ற ஒரு கணக்கே, கிரிக்கெட்டின் எடை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் காட்டப் போதுமானது. 2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் திண்டுக்கல் அருகே நத்தத்திலும் திருநெல்வேலியிலும் ஆட்டங்களை நடத்தியதால், சென்னை வரை போக இயலாத சிவகாசிக்காரர் ஒருநாள் மாலைப் பயணத்தில் மைதானத்திலேயே அமர்ந்து பார்க்கவும் முடிந்தது. குறுகிய வடிவம் அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. டெஸ்டோ வழக்கமாக வந்துகொண்டிருந்த நாளையும் மறந்தது.

பொங்கல் டெஸ்ட் என்ற நிச்சயம் கலைந்ததன் விளைவை இங்கே குறைத்து மதிப்பிடக் கூடாது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் மைதானங்களுக்குச் சுழற்சி முறையில் ஆட்டங்களைப் பகிர்ந்தளிப்பதால், கருண் நாயர் முச்சதம் அடித்த 2016 டிசம்பருக்குப் பிறகு சேப்பாக்கம் 2021 பிப்ரவரி வரையும், அதன்பின் 2024 செப்டம்பர் வரையும் டெஸ்டுக்காகக் காத்திருந்தது. 2019 இல் அன்றைய அணித் தலைவர் விராட் கோலி, டெஸ்டுக்கென்று ஐந்து நிலையான மைதானங்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அது ஏற்கப்படவில்லை. மேலும், உள்நாட்டு டெஸ்ட் பருவம் பெரும்பாலும் செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே விழுகிறது. சிவகாசியிலோ ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் ஆர்டர்கள் குவியத் தொடங்கி, டிசம்பர் முடிய அச்சகங்கள் இரவு பகலாக ஓடும். தீபாவளிவரை பட்டாசுச் சரக்கு லாரி லாரியாக வெளியேறும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும் மாதங்களே ஊரும் மூச்சுவிட முடியாத மாதங்கள்.

டெஸ்ட் அதன் சுவையை இழந்துவிட்டதால்தான் ரசிகர் விலகினார் என்ற வாதம் இதனால் வலுவிழக்கிறது. உண்மையில் ஆட்டம் முன்பைவிட விறுவிறுப்பாகியிருக்கிறது. பென் ஸ்டோக்ஸ் தலைமையில் இங்கிலாந்து ஓவருக்கு ஏறத்தாழ நான்கரை ஓட்டம் எடுத்திருக்கிறது. வெற்றி தோல்வியின்றி முடியும் ஆட்டங்கள் அரிதாகிவிட்டன. 2019 முதல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் என்ற போட்டியும் நடக்கிறது. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியா 328 ஓட்டங்களை விரட்டி வென்றதும், அதே ஆட்டத்தில் சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியிலிருந்து சென்ற நடராஜன் டெஸ்டில் அறிமுகமானதும், 2025 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இந்தியா ஆறு ஓட்ட வித்தியாசத்தில் வென்றதும் எந்தக் காலத்துக்கும் ஈடு சொல்லத்தக்கவை. மந்தமே காரணமாக இருந்திருந்தால், இத்தனை வேகத்துக்குப் பிறகு பழைய ரசிகர்கள் திரும்பி வந்திருக்க வேண்டும்.

அவர்கள் வராததற்குக் காரணம், டெஸ்ட் என்பது தொடர்ந்து படிக்க வேண்டிய தொடர்கதை போன்றது என்பதே. முதல் இரண்டு நாளைத் தவறவிட்டவருக்கு மூன்றாம் நாள் விழும் விக்கெட்டின் மதிப்பு புரியாது. ஐந்தாம் நாள் ஆடுகளத்தில் பந்து ஏன் இப்படித் திரும்புகிறது என்பதும் பிடிபடாது. செயலியில் எட்டிப்பார்க்கும் எண்கள் முடிவைச் சொல்லுமே தவிர, அந்த முடிவு எப்படி விளைந்தது என்பதைச் சொல்லமாட்டா. தொடர்பு அறுந்தவருக்கு ஒவ்வோர் ஆட்டமும் புதிதாகத் தொடங்க வேண்டிய சுமையாகிறது. அதோடு, அவர் பெயர் சொல்லிப் பின்தொடர்ந்த வீரர்களும் போய்விட்டார்கள்: 537 விக்கெட்டுகளுடன் ரவிச்சந்திரன் அஸ்வின் 2024 டிசம்பரிலும், ரோகித் சர்மாவும் கோலியும் 2025 மே மாதத்திலும் டெஸ்டிலிருந்து விடைபெற்றனர். உள்நாட்டிலேயே 2024 இல் நியூசிலாந்திடம் மூன்று ஆட்டங்களையும், 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிடம் இரண்டையும் இந்தியா முழுமையாகத் தோற்றபோது, முன்பானால் தேநீர்க் கடைகளில் நாள்கணக்கில் அலசப்பட்டிருக்கும் தோல்விகள் ஒருநாள் பேச்சோடு அடங்கின. தோல்வியைவிட இந்த மௌனமே ஆட்டத்துக்குக் கேடானது.

ஆகவே இதற்கான மாற்று, நான்கு நாள் டெஸ்ட், இரவு விளக்கொளி டெஸ்ட் என்று ஆட்டத்தைச் சுருக்குவதிலும் ஒப்பனை செய்வதிலும் மட்டும் இல்லை. மெல்போர்னில் கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் சிட்னியில் புத்தாண்டை ஒட்டியும் டெஸ்ட் நடப்பது ஆஸ்திரேலியருக்கு எப்படி மாறாத வழக்கமோ, அப்படிச் சேப்பாக்கத்துக்குப் பொங்கல் டெஸ்டைத் திருப்பித் தரலாம். ஐந்து நாளும் தமிழில், திரை இல்லாமல், கட்டணம் இல்லாமல், கேட்க மட்டுமான வர்ணனையை வானொலியிலும் இணையத்திலும் தரலாம். இரண்டும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. உருப்படிக் கூலிக்கு உழைக்கும் ஒருவரிடம் ஐந்து நாள் கண்ணைக் கேட்பது நியாயமற்றது. காதை மட்டும் கேட்டால் அவர் மறுக்கமாட்டார் என்பதற்கு இவ்வட்டாரத்தின் கடந்த அரை நூற்றாண்டே சாட்சி.