பின்கண்ணாடியும் இறப்பர்ப் பட்டியும்

பழைய கெப் வாகனமொன்றின் ஆசனத்தை முன்னே சாய்த்து, அதன் பின்னேயுள்ள தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால், சில வாகனங்களில் ஈரம் ஊறிய நாரும் அதன்கீழ்ச் செந்நிறக் கறளும் காணப்படும். உரியவர் முதலில் கதவையே ஐயுறுவார். அன்றேல் சக்கரம் வாரியடிக்கும் நீர் அடித்தகட்டின் வழியாக ஏறிற்று என எண்ணுவார். ஆனால், நீர் பெரும்பாலும் மேலிருந்தே வந்திருக்கும். சாரதியின் தலைக்குப் பின்னேயுள்ள கண்ணாடியின் ஓரத்தில் துளித்துளியாகக் கசிந்து, உட்சுவரின் மறைவில் வழிந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது தேங்குகின்றது. புழுங்கிய வாடை எழும்வேளையில் தகடு அரிக்கத் தொடங்கி நெடுநாளாயிருக்கும். ஆசனத்தையும் ஆசனப் பட்டியையும் தாங்கும் திருகாணிகள் பல வாகனங்களில் அத்தகட்டிலேயே இறுக்கப்பட்டுள்ளன. ஆதலால், இஃது அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று. உயிர்க்காப்பைப் பற்றியதும் ஆகும்.

இலங்கையில் பழைய வாகனங்களைப் பேணும் அறிவுக்குத் தனித் தேவையுண்டு. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உள்ள வாகனத்தைத் திருத்தி ஓட்டுவதே பலருக்கும் எஞ்சிய வழியாயிற்று. வயலுக்கும் சந்தைக்கும் மீன்பிடித் துறைக்கும் ஓடிய கெப் வாகனங்களின் இறப்பர்ப் பகுதிகள் அக்காலத்தில் மேலும் முதுமையடைந்தன.

பின்புற நகர்கண்ணாடி என்பது அமெரிக்கப் பாரவண்டிகளிலும் சில யப்பானிய வண்டிகளிலும் பொருத்தப்பட்டு வந்த ஓர் அமைப்பு. ஒரே பெருங்கண்ணாடிக்குப் பதிலாக, அலுமினியச் சட்டமொன்றில் சிறு கண்ணாடிகள் சிலவற்றை அமைத்திருப்பர். பக்கத்துக் கண்ணாடிகள் அசையா; நடுவிலுள்ள ஒன்றோ இரண்டோ பக்கவாட்டில் நகரும். வெப்பநாளிற் சாரதி அறைக்குக் காற்று வருவதற்கும், பின்தட்டில் ஏற்றிய பொருளை நோக்குவதற்கும் இது வசதியானது. ஆனால், ஒரு கண்ணாடியைப் பலவாகப் பிரிக்குந்தோறும் நீர் புகத்தக்க இடைவெளிகளும் பெருகுகின்றன.

அவ்விடைவெளிகளைக் காக்கும் இறப்பர்ப் பட்டிகள் மூவகைப்படும். வாகனத் திருத்துநர் இவற்றைப் பொதுவாகப் 'பீடிங்' என்பர். முதலாவது, அலுமினியச் சட்டம் முழுவதையும் வாகன உடலின் தகட்டு விளிம்போடு இணைக்கும் பெரும்பட்டி. இரண்டாவது, நகரும் கண்ணாடி ஓடுகின்ற தவாளிப்பில் மென்மயிர் ஒட்டிப் பொதிந்திருக்கும் ஓடுபட்டி. மூன்றாவது, கண்ணாடிகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் நிலைக்குத்தாக நிற்கும் சந்திப்புப் பட்டி.

இவை மூன்றும் ஒரே தொழிலைச் செய்வன அல்ல. பெரும்பட்டியின் தொழில் நீரை முற்றாகத் தடுத்தல். கீழ் ஓடுபட்டியின் தொழிலோ வேறு. கண்ணாடி நகரவேண்டுமாயின் அதனை இறுகப் பற்ற இயலாது. ஆகவே மழைபெய்யும்போது சிறிதளவு நீர் கீழ்த்தவாளிப்புள் இறங்கியே தீரும். அந்நீரை ஏற்று வெளியே கழிப்பதற்காகச் சட்டத்தின் அடியில் வெளிப்புறம் நோக்கிச் சிறு வடிதுளைகள் விடப்பட்டுள்ளன. கசிவைக் கண்டவுடன் சிலர் ஒட்டுப்பசையை வாங்கிச் சட்டத்தைச் சுற்றி வெளியே பூசிவிடுவர். பசை முதலில் அடைப்பது இவ்வடிதுளைகளையே. வெளியேற வழியற்ற நீர் தவாளிப்பில் நிரம்பி உட்புறமாக வழிகின்றது. கசிவை நிறுத்தும் எண்ணத்தோடு பூசிய பசையே கசிவைப் பெருக்கிவிடுகின்றது. எந்த இடத்தில் நீரைத் தடுக்க வேண்டும், எந்த இடத்தில் அதற்கு வழிவிட வேண்டும் என்பதை அறிதலே இவ்வேலையின் அடிப்படையாகும்.

இனி, இறப்பர் ஏன் கெடுகின்றது என்பதையும் நோக்க வேண்டும். இயற்கை இறப்பர் வெப்பத்தில் இளகும்; குளிரில் விறைக்கும். 1839 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இறப்பர் இக்குறை நீங்கி நிலைபெறுவதைக் கண்டார். இங்கிலாந்தில் தோமஸ் ஹான்கொக் 1843 இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரினார். 1876 இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்த இறப்பர் நாற்றுகள் கம்பகாவைச் சேர்ந்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இந்நாட்டின் இறப்பர்த் தோட்டங்களின் வரலாறு அங்கே தொடங்குகின்றது.

கந்தகத்தாற் பதமுற்ற இறப்பருக்கும் ஒரு பகை உண்டு. காற்றில் மிகச் சிற்றளவில் உள்ள ஓசோன் வாயு, இறப்பர் மூலக்கூற்றுச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி அறுக்கின்றது. இழுபட்டு நிற்கும் இடத்திலேயே இத்தாக்குதல் வெளிப்படும். அதனாலேயே வளைவான மூலைகளில் முதலில் வெடிப்புகள் தோன்றுகின்றன. 1960களின் தொடக்கத்தில் வணிகத்துக்கு வந்த எதிலீன்-புரொப்பிலீன் செயற்கை இறப்பரின் முதன்மைச் சங்கிலியில் அத்தகைய இரட்டைப் பிணைப்புகள் இல்லை. ஆதலால் வெயிலையும் ஓசோனையும் அது நெடுநாள் தாங்கும். வாகனங்களின் கண்ணாடிப் பட்டிகளுக்குப் பெரிதும் பயன்படுவதும் அதுவே. ஆயினும் அதற்கும் முதுமை உண்டு. பல்லாண்டு ஒரே நிலையில் அமுக்குண்டிருந்த பட்டி மீண்டெழும் ஆற்றலை இழந்து தட்டையாகிவிடும். மென்மை தரும் எண்ணெய்ப்பொருள் குறைவதால் அது சுருங்கவும் செய்யும். சுருங்கிய பட்டி மூலையிலிருந்து விலகும். அவ்விடமே நீரின் வாயிலாகும்.

பட்டியை மாற்றுமுன் கசியும் இடத்தை உறுதிப்படுத்தல் வேண்டும். உட்புற மூடுபலகைகளைக் கழற்றி, தகட்டின்மீது சுண்ணக்கட்டித் தூளை மெல்லத் தூவிவிட வேண்டும். ஒருவர் உள்ளே விளக்கோடு அமர, மற்றவர் வெளியிலிருந்து நீர்க்குழாயால் மெதுவாக நீர் விடவேண்டும். நீரைக் கீழிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டுசெல்லல் முறையாகும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருங்கே நனைந்து, புகுமிடம் எதுவென அறியமுடியாது போகும். தூளில் விழும் நீர்க்கோட்டைத் தொடர்ந்து மேலே சென்றால் அதன் தோற்றுவாய் புலப்படும். நகர்கண்ணாடியின் இடையில் ஒரு தாள்துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. தாள் தடையின்றி வந்துவிட்டால் அவ்விடத்துப் பட்டி தளர்ந்துவிட்டது என்பது தெளிவு.

கண்ணாடிமேல் மட்டுமே பழியைச் சுமத்துவதும் தவறு. அமெரிக்காவில் இலகுரகப் பாரவண்டிகளுக்கு 1994 ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் உயரத்தில் அமைந்த மூன்றாவது தடுப்பு விளக்கு கட்டாயமாக்கப்பட்டது. பல வண்டிகளில் அது பின்கண்ணாடிக்கு நேர்மேலே உள்ளது. அதன் அடிப்பட்டி கெட்டாலும் நீர் கண்ணாடியோரமாகவே இறங்கும். இதனை ஆராயாது கண்ணாடியைக் கழற்றினால் உழைப்பு வீணாகும்.

அடுத்து, கண்ணாடி எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது என்பதை அறிய வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் இறப்பர்ப் பெரும்பட்டியின் பிடியிலேயே சட்டம் நிற்கும். பிற்கால வண்டிகளில் வலிய பசையால் சட்டம் உடலோடு ஒட்டப்பட்டிருக்கும். பின்னைய வகையைக் கம்பியால் அறுத்தெடுத்தல் வேண்டுமாதலால் அதனைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைத்தலே தக்கது. முன்னைய வகையை இருவர் சேர்ந்து வீட்டு முற்றத்திலேயே மாற்றலாம்.

கண்ணுக்குக் காப்புக்கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் அணிந்த பின்னரே கழற்றத் தொடங்கவேண்டும். பின்கண்ணாடிகள் பொதுவாக வெப்பத்தாற் பதப்படுத்தப்பட்டவை. முகப்பில் அவை வலிமையானவை. விளிம்பிலோ ஒரு சிறு அடி பட்டாலும் முழுவதும் நொறுங்கிச் சிறுமணிகளாகும். நகரும் கண்ணாடியைத் தாழிட்டு ஒட்டுநாடாவால் அசையாதபடி கட்டியபின், மரத்தாலோ பிளாத்திக்காலோ ஆன ஆப்பைக் கொண்டு உட்புற இதழைத் தகட்டு விளிம்பிலிருந்து விடுவிக்க வேண்டும். திருப்புளியால் நெம்புதல் ஆகாது. அது தகட்டின் வர்ணத்தைக் கீறிப் புதிய கறளுக்கு இடந்தரும். மேல்மூலை ஒன்றிலிருந்து உள்ளே ஒருவர் சீராக அழுத்த, வெளியே நிற்பவர் சட்டத்தை ஏந்திக்கொள்ள வேண்டும். பழைய பட்டியை மீண்டும் பயன்படுத்தும் எண்ணம் இல்லையாயின் அதனைக் கத்தியால் அறுத்துவிடுவது எளிது.

கண்ணாடி நீங்கியதும் தெரியும் தகட்டு விளிம்பே வேலையின் உண்மையான அளவைக் காட்டும். அங்கே கறள் இருப்பின், பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டித் தேய்த்து, கறள்தடுப்புப் பூச்சும் அதன்மேல் வர்ணமும் பூசி நன்கு உலரவிட வேண்டும். கறளின்மீது புதிய பட்டியை இருத்துவது, உளுத்த மரத்தில் புதிய கதவைத் தொங்கவிடுவது போன்றதாகும். கறளின் மேடுபள்ளத்தில் இறப்பர் படியாது. சில மாதங்களில் நீர் மீண்டும் வரும். தகட்டில் துளை விழுந்திருப்பின் ஒட்டுவேலை முடிந்த பின்னரே மேற்செல்ல வேண்டும்.

சட்டத்தை மெத்தென்ற துணியின்மீது கிடத்தி, திருகாணிகளை அகற்றி, நகரும் கண்ணாடிகளை வெளியே எடுக்கலாம். எந்தப் பட்டியின் இதழ் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதைப் படமாக வரைந்து வைத்தல் நன்று. அலுமினியச் சட்டம் வளைந்துவிட்டால் பின்னர் எந்தப் பட்டியும் பொருந்தாது. ஆகவே வலிந்து விரிக்கக் கூடாது. தவாளிப்பிலுள்ள மண்ணையும் பழைய பசையையும் நீக்கி, வடிதுளைகளை மெல்லிய கம்பியால் திறந்துவிட வேண்டும். புதிய ஓடுபட்டியை வெட்டும்போது மூலைகள் இடைவெளியின்றிச் சந்திக்கவும், கீழ்ப்பட்டியின் திறப்புகள் வடிதுளைகளுக்கு நேராக வரவும் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியை இழுத்து நீட்டிப் பொருத்துதல் பெருந்தவறு. இழுத்த இறப்பர் தன் பழைய நீளத்தை நாடிச் சுருங்கும். சற்று நீளமாக வெட்டி நெருக்கி இருத்துதலே முறை.

பெரும்பட்டியை முதலில் சட்டத்தைச் சுற்றிப் பொருத்த வேண்டும். அதன் இணைப்பு மூலையில் அமையக் கூடாது. பின்னர், தகட்டு விளிம்பைக் கவ்வும் தவாளிப்பினுள் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள வழுவழுப்பான கயிறொன்றைச் சுற்றிலும் இட்டு, அதன் இரு முனைகளும் கீழ்நடுவில் 15 சதமமீற்றர் அளவு ஒன்றன்மேலொன்று படிய உட்புறமாகத் தொங்கவிட வேண்டும். விளிம்பிலும் இறப்பரிலும் சவர்க்கார நீர் தடவி, வெளியே நிற்பவர் சட்டத்தை அதன் இடத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியின் நடுப்பக்கமாக மெல்ல இழுக்கவேண்டும். கயிறு வெளிவரும்போது இறப்பர் இதழைத் தன்னோடு இழுத்துத் தகட்டு விளிம்பின்மேல் மடித்துவிடும். முதலில் அடிப்பக்கம், அடுத்துப் பக்கங்கள், இறுதியில் மேற்பக்கம் என்பதே வரிசை. கயிறு செல்லும் இடத்துக்கு நேரே வெளியிலிருப்பவரின் அழுத்தமும் செல்ல வேண்டும். ஓரிடத்தில் இதழ் ஏறாவிடின் வலிந்து இழுக்காமல், கயிற்றை மீண்டும் இட்டு அவ்விடத்தைத் திரும்பச் செய்தல் நன்று.

பசை தேவைப்படும் இடத்தில் இறுகிவிடாத கண்ணாடிப் பசையைப் பட்டிக்கும் தகட்டுக்கும் இடையில் மட்டும் இடலாம். புளிக்காடி மணம் வீசும் சிலிக்கன் பசை உலோகத்தை அரிக்கும். அதனை விலக்க வேண்டும். கண்ணாடி எளிதாக நகரவேண்டும் என்று எஞ்சின் எண்ணெயையோ கிறீசையோ ஓடுபட்டியில் தடவுவதும் தீது. கனிய எண்ணெய் இவ்வகை இறப்பரை ஊதிப் பெருக்கச் செய்து கெடுக்கும். இறப்பருக்கென விற்கப்படும் சிலிக்கன் மசகே ஏற்றது. ஒரு நாளேனும் பொறுத்து, முன்பு செய்த நீர்ச்சோதனையை மீண்டும் செய்தால் வேலையின் பயன் தெரிந்துவிடும்.

நீர் நுழையும் வழியிற் புகையும் நுழையும். வண்டி ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றமுக்கம் குறைகின்றது. அங்கே சுழலும் எஞ்சின் புகை, பின்கண்ணாடியின் இடைவெளி வழியே சாரதி அறைக்குள் இழுபடக்கூடும். அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான நாட்டத்துடன் அது இணைகின்றது. தூரப் பயணத்தில் காரணமின்றித் தலைவலியும் மயக்கமும் தோன்றின் உடனே வண்டியை நிறுத்தி வெளிக்காற்றை நாடவேண்டும். பட்டியை மாற்றுவது புகைக்குழாயின் வெடிப்பைத் திருத்துவதற்கு ஈடாகாது. இரண்டையும் ஒருங்கே கவனித்தல் வேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி மழை தொடங்குமுன்னரும், தெற்கிலும் மேற்கிலும் வைகாசி மழைக்கு முன்னரும் பட்டிகளை ஈரத்துணியால் துடைத்து, வடிதுளைகளைத் திறந்து, மூலைகளை விரலால் அழுத்திப் பார்ப்பதற்கு அரைமணி நேரமே செல்லும். விரல் பட்ட இடம் மீண்டெழுமாயின் பட்டி இன்னும் உழைக்கும். எழாது கிடப்பின் மாற்றும் காலம் வந்துவிட்டது. அவ்வேளையில் மாற்றினால் செலவு பட்டியோடு நின்றுவிடும். பிந்தினால் அடித்தகட்டையும் சேர்த்தே மாற்ற நேரிடும்.