மலை ஏறி வரும் கண்ணொளி

தறியில் அமர்ந்தவனுக்குக் கையைக் காட்டிலும் கண்ணே பெரிய மூலதனம். அறுந்த இழையைக் கண்டு பிணைப்பதற்கும், விழுதில் நூல் கோப்பதற்கும் பார்வை வேண்டும். களத்தில் பதரைப் பிரிப்பதற்கும், கதிரில் பூச்சி விழுந்ததை முதல் நாளே அறிவதற்கும் அதுவே வேண்டும். அத்தகைய கண்ணில் புரை படர்ந்து, வைத்தியசாலையோ பல நாள் நடைத் தொலைவில் இருக்குமானால், அக்குடும்பத்தின் கதி என்ன? இமயமலை நாடான நேபாளம் இக்கேள்விக்குக் கண்ட விடையை நம் அங்கத்தினர்கள் அறிவது பயன் தரும்.

ஒருவர் கண் போனால் இருவர் உழைப்பு போகும்

1981-ஆம் ஆண்டில் நேபாளம் முழுவதும் கண் நோய்க் கணக்கெடுப்பு ஒன்று நடைபெற்றது. ஏறத்தாழ 1,17,600 பேர் இரு கண்ணிலும் பார்வை இழந்திருப்பதாக அது கண்டது. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் கண்புரையால் பார்வை இழந்தவர்கள். அதாவது, சிகிச்சையால் மீளக்கூடியவர்கள். சமவெளியில் பார்வை இழந்தவர் தடியூன்றித் தெருவிலாவது நடப்பார். மலைச்சரிவிலோ வயல் படிப்படியாக இறங்கும். தண்ணீர் எடுக்கும் ஊற்று பள்ளத்தில் இருக்கும். கால் தவறினால் உயிர் தவறும். ஆகவே முதியவரின் கைபிடித்து நடத்த ஒரு சிறுவனோ சிறுமியோ உடனிருக்க நேரும். அப்பிள்ளையின் படிப்பும் உழைப்பும் சேர்ந்தே போகும்.

முகாம் செல்லும் வழி

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சந்துக் ரூயித். திபெத்திய எல்லையருகே, பள்ளியோ வைத்தியசாலையோ இல்லாத ஓலாங்சுங் கோலா என்னும் மலைக்கிராமத்தில் பிறந்தவர். கல்விக்காகச் சிறு வயதிலேயே தந்தையுடன் பல நாள் நடந்து டார்ஜிலிங் சென்றார். உடன்பிறந்த சகோதரியைக் காசநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரை வைத்தியத் துறைக்குத் திருப்பியது. லக்னோவிலும் டில்லியிலும் பயின்று, தாய்நாட்டு மலைகளுக்கே திரும்பினார்.

நோயாளி வர இயலாவிடில் வைத்தியர் செல்ல வேண்டும் என்பதே முகாமின் தத்துவம். நுண்ணோக்கி, அறுவைக் கருவிகள், மின்சாரம் தரும் ஜெனரேட்டர் ஆகியவற்றைப் பெட்டிகளில் அடைத்துச் சாலை உள்ள மட்டும் வண்டியில் கொண்டு செல்வர். சாலை முடிந்தபின் சுமைக்காரர்கள் நெற்றிப்பட்டையில் தாங்கிய கூடைகளில் சுமந்து ஏறுவர். ஆனி முதல் புரட்டாசி வரை மழைக்காலம். மண் சரிந்து பாதை அடைபடுவது வழக்கம். சேர்ந்த ஊரில் பள்ளிக்கட்டடத்தைக் கழுவித் துடைத்து அறுவைக்கூடமாக்குவர். எதிர்த்திசையிலிருந்து நோயாளிகளும் வருவர்; சிலர் பிள்ளைகளின் முதுகில் ஏறியே வருவர். சிகிச்சை நடந்த மறுநாட் காலையில் கட்டவிழ்க்கும்போது, இதுவரை குரலால் மட்டும் அறிந்த பேரக்குழந்தையின் முகத்தைக் கண்ணால் காண்பர்.

வெளியூர் வைத்தியரால் மட்டும் இப்பணி நிறைவேறுவதில்லை. 1988-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் அந்நாட்டில் சுகாதாரத் தொண்டர்களாக உள்ளனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டில் இருமுறை வைட்டமின் ‘ஏ’ மருந்து கொடுத்து, இளங்கண்களைக் காப்பவர்கள் இவர்களே.

வில்லையின் விலை

முன்னாளில் புரை அகற்றியபின் தடித்த மூக்குக்கண்ணாடி கொடுத்தனுப்புவர். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மலைவாசி மீண்டும் இருளில் ஆழ்வார். கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை பொருத்துவதே சிறந்த முறை. ஆனால் அயல்நாட்டு வில்லையின் விலை ஏழைக்கு எட்டாதிருந்தது. முகாமில் வில்லை பொருத்தலாகாது என்று தேர்ந்தவர் பலரும் தடை கூறினர். ரூயித்தும், ஆஸ்திரேலிய நாட்டில் பணிபுரிந்த டாக்டர் பிரெட் ஹாலோஸும் அதை ஒப்பவில்லை. ஹாலோஸ் 1993-இல் மறைந்தார். மறு ஆண்டில் காத்மாண்டு நகரில் திலகங்கா கண் நிலையம் திறக்கப்பட்டது. அங்கேயே வில்லைகள் தயாராயின. விலை ஐந்து டாலருக்கும் குறைந்தது.

தையலே வேண்டாத சிறு வெட்டு முறையையும் ரூயித் செம்மைப்படுத்தினார். விலையுயர்ந்த இயந்திர முறையுடன் அதை ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. இரு முறையிலும் நூற்றுக்கு 98 பேர் நற்பார்வை பெற்றனர்; ரூயித்தின் முறைக்கு நேரமும் செலவும் குறைவு.

தமிழ்நாட்டிலும் இதற்கு உடன்பிறப்பு உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்; அதைச் சார்ந்த அரோலேப் 1992 முதல் வில்லை செய்து வருகிறது.

நாம் செய்ய வேண்டுவது

நூலை நாமே மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைப்பது கூட்டுறவின் பாலபாடம். நேபாளத்தார் வில்லையிலே அப்பாடத்தைக் கற்றனர். ஆனால் மலிவான சிகிச்சை அருகிலிருந்தும் போகாதிருந்தால் பயனில்லை. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுதல், பனி மூடியதுபோல் தெரிதல் ஆகியவை புரையின் அறிகுறிகள். புரையைச் சொட்டு மருந்து கரைக்காது; பச்சிலைச் சாறு கண்ணையே கெடுக்கும். ஐம்பது வயது கடந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை கண்ணைக் காட்டுதல் நலம். நீரிழிவு உள்ளவர்கள் வயது பாராமல் காட்ட வேண்டும்.

அங்கத்தினருள் பார்வை மங்கியோர் பட்டியலை ஒவ்வொரு சங்கமும் தயாரிக்கலாம். முகாம் நாளில் வண்டிச் செலவைப் பொது நல நிதியிலிருந்து ஏற்கலாம். மலையேறிச் சுமந்து செல்வோர் ஓரிடத்தில் இருக்க, சாலையோரத்தில் வாழும் நாம் நம் முதியோரை ஒரு மணி நேரப் பயணத்துக்கு அழைத்துச் செல்லத் தயங்கலாமா?