டியூப்லைட் கோடு நெளியக் கூடாது

உப்புத்தாளை அப்பா முதலில் பாதியாகக் கிழிப்பார். பிறகு அந்தப் பாதியை மூன்றாக மடிப்பார். இரண்டாக மடித்தால் உள்ளே வழவழப்பான முதுகும் முதுகும் சேர்ந்து, தேய்க்கும்போது தாள் வழுக்கும். மூன்றாக மடித்தால் மணல் பக்கம் ஒன்று உள்ளே பிடித்துக்கொள்ளும், தாள் நகராது. பத்து வயதில் நான் கற்ற முதல் தொழில் பாடம் இது.

அம்பத்தூரில் கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் ஷெட் அப்பாவுடையது. அதன் ஒரு மூலையில் இப்போது நான் ஹெல்மெட்டும் கவசமும் வாளும் செய்கிறேன். கல்லூரி நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் செய்துகொண்டிருந்தேன். 2024 பிப்ரவரியில் காமிக் கான் சென்னைக்கு வந்தபிறகு, வேடம் போடும் பிள்ளைகளும் தேடி வருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு மாணவி, முப்பரிமாண பிரிண்டரில் எடுத்த ஒரு பிளாஸ்டிக் ஹெல்மெட்டைக் கொடுத்தாள். 2015-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தில் குவெண்டலின் கிறிஸ்டி அணிந்து வரும் கேப்டன் ஃபாஸ்மாவின் ஹெல்மெட் அது. படத்தில் அந்தக் கவசம் எதிரே நிற்பவரின் முகம் தெரிகிற அளவுக்கு மின்னும். கூடவே ஒரு குரோம் ஸ்ப்ரே டப்பாவையும் நீட்டினாள். “அக்கா, பெயிண்ட் நானே வாங்கிட்டு வந்துட்டேன். அடிச்சு மட்டும் குடுங்க” என்றாள்.

அந்த ‘மட்டும்’ என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிவப்போ நீலமோ அடித்தால் கண் நிறத்தைப் பார்க்கும், கீழே இருக்கும் மேடு பள்ளத்தைப் பெரிதாகக் கவனிக்காது. கண்ணாடிப் பரப்புக்கென்று சொந்த நிறம் கிடையாது. எதிரே இருப்பதைத் திருப்பிக் காட்டுவதுதான் அதன் வேலை. பரப்பு அரை டிகிரி சாய்ந்திருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு டிகிரி விலகும். குறை எதுவானாலும் இரண்டு மடங்காகத் தெரியும் என்று அர்த்தம். அதனால் குரோம் என்பது டப்பாவில் இருந்து வருவதல்ல, தேய்ப்பில் இருந்து வருவது.

பிரிண்டர் பிளாஸ்டிக்கை உருக்கி, இடியாப்பம் பிழிவதுபோல் அடுக்கடுக்காக வைத்துக்கொண்டு போகும். அடுக்கு ஒன்றின் உயரம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் உயர ஹெல்மெட் என்றால் 1,500 அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. முதலில் 120-ஆம் நம்பர் தாளால் இந்த வரிகளின் தலையைச் சீவ வேண்டும். இதற்கு மெஷின் பிடிக்கக் கூடாது. பலரும் பயன்படுத்தும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். மெஷின் வேகத்தில் அது உருகி, தாளில் அப்பிக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப்போன ஒரு முகமூடி தாடை கோணிப்போனதையும் நான் பார்த்திருக்கிறேன்.

வரிகளின் பள்ளத்தை நிரப்புவது பட்டி. ஆழமான இடத்துக்கு ஹார்டனர் கலந்த பேஸ்ட், மெல்லிய கீறலுக்கு என்.சி. பட்டி. என்.சி. பட்டியில் இருக்கும் தின்னர் பறக்கப் பறக்க அது சுருங்கும். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. ஆரம்ப காலத்தில் ஒரு மார்புக் கவசத்தை, நாடகத்துக்கு நாளாகிவிட்டதென்று, பட்டி பூசிய அன்றே தேய்த்துப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன். பத்து நாளில் பட்டி உள்வாங்கி, வரிகள் அத்தனையும் மேலே வந்துவிட்டன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது பட்டி பூசினால் இரண்டு நாள் அந்தப் பக்கமே போவதில்லை.

அதன்பின் சாம்பல் நிற பிரைமர். அது காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு பெயிண்டைத் தூரத்தில் இருந்து தூவானம்போல் லேசாகத் தெளிப்போம். பிறகு 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேட்டில் இருக்கும் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் இருப்பது நிற்கும். எங்கே வேலை பாக்கி என்று அந்தக் கறுப்பே காட்டிக் கொடுக்கும். விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடத்திலேயே பள்ளம் விழும். வளைவுக்கு எங்கள் ஷெட்டில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி அதில் தாளைச் சுற்றிக்கொள்வோம். வளைவோடு சேர்ந்து வளையும், ஆனால் குழி தோண்டாது.

அப்பா கண்ணை நம்ப மாட்டார். மெல்லிய பனியன் துணியைப் பரப்பின்மேல் போட்டு, கண்ணை மூடி, உள்ளங்கையால் நீளவாக்கில் தடவுவார். துணி இருப்பதால் கை தடையில்லாமல் வழுக்கும், மேடு மட்டும் தனியாகத் தட்டுப்படும். எனக்கு இது கைவர நான்கு வருடம் ஆனது.

நம்பர் கூடக்கூட மணல் நைஸாகும். 400-இல் மணல் ஏறக்குறைய 0.035 மில்லிமீட்டர், 2000-இல் 0.01. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பதற்காகத்தான். 400-லிருந்து நேராக 1500-க்குத் தாவினால் பழைய கீறல் அடியிலேயே கிடக்கும். குரோம் ஏறிய பிறகு வெளியே வரும். 600, 800, 1000 என்று படியேறத்தான் வேண்டும், ஒவ்வொரு முறையும் திசையை மாற்றித் தேய்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் கூத்துக்காரர்கள் அணியும் ‘கட்டை’ என்கிற மர அணிகளில், கிரீடத்திலும் மார்ப்பதக்கத்திலும், சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு பதித்திருப்பார்கள். துண்டு ஒவ்வொன்றும் தட்டை, அதனால் ஒவ்வொன்றும் விளக்கைத் தெளிவாக வாங்கி வீசும். தலையளவு வளைவு முழுவதையும் ஒரே கண்ணாடியாக்குவது அதைவிடக் கடினம் என்பது இந்த ஹெல்மெட்டைத் தேய்த்தபோதுதான் உறைத்தது.

குரோமுக்கு முன் பளபளக்கும் கறுப்பு அடித்தாக வேண்டும். குரோம் பெயிண்டில் இருப்பது மிக மெல்லிய அலுமினியச் செதில்கள். செதில்களுக்கு இடையே கசியும் ஒளியை அடியில் இருக்கும் கறுப்பு விழுங்கிக்கொண்டால்தான் உலோகம்போல் தெரியும். கறுப்பு நன்றாகக் காய்ந்ததும் ஹெல்மெட்டை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து மெதுவாகத் திருப்புவேன். விளக்கின் பிம்பம் வளைவோடு சீராக ஓட வேண்டும். நெளிந்தால் அங்கே பள்ளம். திரும்பவும் பட்டி, பிரைமர், தாள். இந்த ஹெல்மெட் மூன்று முறை அப்படித் திரும்பிப் போனது.

குரோம் அடித்தது மொத்தம் பத்து நிமிடம். தள்ளி நின்று, புகைபோல, மெல்லிசாக. கூட ஒரு கோட் போனால் வெறும் சாம்பல் பெயிண்டாகிவிடும். முகத்தில் கார்பன் ஃபில்டர் மாஸ்க் இருந்தது. அப்பா முப்பது வருடம் கைக்குட்டை கட்டித்தான் அடித்தார். இப்போது இரவெல்லாம் இருமுகிறார். தயவுசெய்து யாரும் மாஸ்க் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

மாணவி வருவதற்கு முன் அப்பா வந்து, கையுறை போட்டு ஹெல்மெட்டை எடுத்து டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பினார். நெற்றியில் இருந்து கன்னம் வரை கோடு வழுக்கிக்கொண்டு போனது. இடது கன்னத்துக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் துளி நெளிந்தது. அங்கே விரலைப் படவிடாமல் அரை அங்குலம் முன்பே நிறுத்திக் காட்டினார்.

“800-ல அவசரப்பட்டிருக்கே.”

ஆமாம். அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் தேய்த்தேன்.