பெயரும் இடமும்: இணைய வழங்கிகளின் முகவரி ஒழுங்கு பற்றிய சில குறிப்புகள்

ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் நூற்பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றோடு இணைய முகவரிகளும் இடம்பெறத் தொடங்கி இரு தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டன. நூலகத் தட்டிலுள்ள நூலொன்றின் அழைப்பெண்ணைக் கருதுவது போலவே நாம் இம்முகவரிகளையும் கருதிவந்துள்ளோம். இன்ன எண்ணுக்குரிய தட்டில் இன்ன நூல் இருக்கும் என்பது போல, இன்ன முகவரியில் இன்ன ஆவணம் 'இருக்கின்றது' என்பது எமது பொதுவான எடுகோளாகும். இணையத்தின் ஆரம்ப ஆண்டுகளுக்கு இவ்வெடுகோள் ஓரளவு பொருந்தியது. இன்று முகவரி எனப்படுவது பெரும்பாலும் ஒரு கோரிக்கை மாத்திரமே. அதனை எக்கோப்புறைக்கு, எக்கோப்புக்கு, எந்நிரலுக்கு அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பவை வழங்கியில் எழுதிவைக்கப்பட்டுள்ள சில விதிகள். அவ்விதிகளை எழுதுபவர் யார், மாற்றும் அதிகாரம் உடையவர் யார் என்னும் வினாக்கள் கணனித் துறையினருக்கு மாத்திரம் உரியனவாகா. மேற்கோட் சான்றின் நம்பகத்தன்மையை ஆதாரமாகக் கொண்டியங்கும் எமது துறைக்கும் அவை உரியன. இக்காரணம் பற்றியே இவ்விடயத்தை ஈண்டு நோக்க முற்படுகின்றோம்.

ரிம் பேர்ணேர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் உருவாக்கி 1991 இல் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய வலையமைப்பில், உலாவி வழங்கியிடம் கேட்டது பாதையை மாத்திரமே. முகவரியின் முற்பகுதியாகிய தளப்பெயரை உலாவி டி.என்.எஸ். அமைப்பினூடாக ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். அவ்வெண்ணுக்குரிய கணனியோடு தொடர்புகொண்டதும் பெயரின் பணி முடிந்துவிடும். கடிதவுறையை வாசலிலேயே கிழித்தெறிந்துவிட்டு உள்ளிருந்த தாளை மாத்திரம் வீட்டாரிடம் கொடுப்பது போன்றது இது. கடிதம் எவர் பெயருக்கு வந்தது என்பதை வீட்டார் அறிய வழியில்லை. எனவே ஒரு கணனியில் இரு தளங்களை நடத்த வேண்டுமாயின் அதற்கு இரு எண்கள் தேவைப்பட்டன. எண்களோ வரையறுக்கப்பட்டவை. நான்காம் பதிப்பு ஐ.பி. முறையில் அமையக்கூடிய எண்கள் மொத்தம் 4,294,967,296 மாத்திரமே; உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த தொகுதிகள் 2011 பெப்ரவரியில் பகிர்ந்து முடிக்கப்பட்டன.

1997 ஜனவரியில் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 நியமம் இந்நிலையை மாற்றியது. ஒவ்வொரு கோரிக்கையிலும் 'ஹோஸ்ட்' என்னும் ஒரு வரி இருத்தல் வேண்டும் என்றும், அஃதில்லாத கோரிக்கையை வழங்கி 400 என்னும் பிழையெண்ணுடன் மறுத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. கிழித்தெறியப்பட்ட உறையின் மேற்புறம் தாளிலேயே எழுதப்பட்டது எனலாம். இதன்பின் ஒரே எண்ணையுடைய ஒரே கணனி ஆயிரம் பெயர்களுக்கு ஆயிரம் தளங்களாகத் தோன்றுதல் சாத்தியமாயிற்று. இவ்வாறு தோன்றும் தளத்தையே வேர்ச்சுவல் ஹோஸ்ட் என்பர். வழங்கி தன் பட்டியலில் இல்லாத பெயரொன்றைப் பெறுமாயின், பட்டியலில் முதலாவதாகவுள்ள தளத்தையே வழங்கும் என்பது அப்பாச்சியின் வழக்கம். ஒரு தளத்தைத் தேடிச் சென்று தொடர்பற்ற வேறொரு தளத்தைக் கண்ட வாசகர்கள், அதற்கான காரணங்களுள் ஒன்றை இங்கு கண்டுகொள்வர்.

அப்பாச்சி வழங்கியின் தோற்றமும் மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், பொது நிதியில் இயங்கிய என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் ரொப் மக்கூல் எழுதிய வழங்கி நிரல், 1994 இல் அவர் அங்கிருந்து விலகிய பின்னர் பராமரிப்பாரற்றுக் கிடந்தது. அதனைப் பயன்படுத்திவந்த சிலர் தத்தமது திருத்தங்களை ஒன்றுசேர்த்து 1995 இல் அப்பாச்சியாக வெளியிட்டனர். பொதுப் பணத்திலும் ஊதியமற்ற கூட்டுழைப்பிலும் உருவான இக்கருவியின் மீதே தள வாடகைத் தொழில் பெருமளவு கட்டியெழுப்பப்பட்டது.

அத்தொழிலுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பெயர் ஒவ்வொன்றுக்கும் அமைப்புக் கோப்பில் சில வரிகளை எழுதி, ஒவ்வொரு முறையும் வழங்கியை மீள இயக்குதல் வேண்டும். பத்துத் தளங்களுக்கு இது ஒரு பொருட்டன்று. பத்தாயிரம் தளங்களுக்கோ கோப்பு பெருத்து, இயங்கத் தொடங்கும் நேரமும் நினைவகச் செலவும் கூடும். அப்பாச்சி 1.3 தொடரில் வந்துசேர்ந்த வேர்ச்சுவல் ஹோஸ்ட் அலியஸ் என்னும் கூறு இதற்கு இயங்குநிலைத் தீர்வொன்றைத் தந்தது. தளங்களைத் தனித்தனியே பட்டியலிடுவதற்குப் பதிலாக, கோரிக்கையில் வரும் பெயரையே கோப்புறையின் பாதைக்குள் பொருத்தும் ஒரேயொரு விதி எழுதப்படுகின்றது. அவ்விதியில் %0 என்பது முழுப் பெயரையும், %1 என்பது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட பெயரின் முதற் கூற்றையும், %-1 என்பது இறுதிக் கூற்றையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 'கவிதை.சங்கம்.இலங்கை' என்றொரு பெயரைக் கற்பனை செய்வோம். ஆவண வேர் '/தளங்கள்/%1/' என அமைக்கப்பட்டிருப்பின் வழங்கி 'கவிதை' என்னும் கோப்புறையைத் திறக்கும். நாளை 'நாடகம்' என்றொரு கோப்புறையை உருவாக்கி, டி.என்.எஸ். பதிவையும் செய்துவிட்டால் புதிய தளம் தயார். வழங்கியின் அமைப்பில் ஓரெழுத்தையும் மாற்றவேண்டியதில்லை. பின்னாளில் இகோர் சிசோயெவ் 2004 இல் வெளியிட்ட என்ஜின்-எக்ஸ் வழங்கியிலும், பாதைக்குள் ஹோஸ்ட் என்னும் மாறியை இட்டு இதே பயனைப் பெறலாம்.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. எல்லாத் தளங்களும் அமைப்பளவில் ஒன்றாகிவிடுவதால் ஒவ்வொன்றுக்கும் தனி வருகைப் பதிவேடு வைத்தல் இயலாது. பொதுப் பதிவேட்டில் தளப்பெயரையும் எழுதச்செய்து பின்னர் பிரித்தெடுத்தல் வேண்டும். தளத்துக்குத் தளம் வேறுபடும் நிபந்தனைகளுக்கும் இவ்வொழுங்கில் இடம் குறைவு.

மறைகுறியாக்கம் பரவியபோது பழைய ஏற்றத்தாழ்வு மீண்டும் தலைகாட்டியது. பாதுகாப்பான இணைப்பில் சான்றிதழ் முதலிலும் ஹோஸ்ட் வரி அதன் பின்னரும் வருவதால், எப்பெயருக்குரிய சான்றிதழைக் காட்டுவது என்பதை வழங்கி அறியாது. ஆதலால் தனி எண்ணுக்குப் பணம் செலுத்த வல்லோரே பாதுகாப்பான தளங்களை நடத்த முடிந்தது. கைகுலுக்கும்போதே பெயரையும் அறிவிக்கும் எஸ்.என்.ஐ. விரிவு 2003 இல் நியமமாக வெளிவந்தது; அப்பாச்சியில் அது 2009 இலேயே இடம்பெற்றது. தொழில்நுட்பத் தீர்வு கிடைத்த நாளுக்கும் அது சாதாரணருக்குப் பயன்பட்ட நாளுக்கும் இடையிலான நெடுந்தூரத்துக்கு இஃது ஓர் உதாரணம்.

இனி முகவரியின் பிற்பகுதியாகிய பாதைக்கு வருவோம். மொட்-ரீரைட் என்னும் கூறினை ரால்ஃப் எங்கெல்ஷால் 1996 ஏப்ரலில் எழுதி, 1997 ஜூலையில் அப்பாச்சிக் குழுவினருக்கு அன்பளிப்பாக வழங்கினார். இதன் அடிப்படை எளிது. 'இவ்வடிவில் ஒரு பாதை வருமாயின் அதனை அவ்வடிவில் மாற்றியெழுதுக' என்பதே விதி. வடிவத்தைச் சுட்டுவதற்கு, கிளீனி 1950களில் கணித அடிப்படையில் வகுத்ததும், கென் தொம்சன் 1968 இல் கணனித் தேடலுக்குப் பயன்படுத்திக் காட்டியதுமான ஒழுங்குக் கோவைகள் பயன்படுகின்றன. இலக்கண மாணவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரங்களையும் கொண்டு புணர்ச்சி விதிகளைக் கற்றவர்கள், மாற்றியெழுதல் விதிகளையும் இம்மூன்றினுள் அடக்கிவிடலாம். விதிகளின் வரிசை விளைவை மாற்றும் என்பதும் இரண்டுக்கும் பொது. ஆனால் ஒரு வேறுபாடுண்டு: பிழையாக எழுதப்பட்ட விதி தன் விளைவையே மீண்டும் உள்வாங்கி முடிவின்றிச் சுழலக்கூடும். அப்பாச்சி இயல்பாகப் பத்து முறை பொறுத்து, பின்னர் 500 என்னும் பிழையெண்ணுடன் நிறுத்திவிடும்.

மாற்றியெழுதல் இருவகைப்படும். ஒன்று அகமாற்றம். வாசகர் காணும் முகவரி அப்படியே இருக்க, வழங்கி உள்ளே வேறொன்றைத் திறக்கும். 2003 இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா தக்க சான்றாகும். அதன் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி முகவரி உண்டு. ஆயின் கட்டுரைக்கொரு கோப்பு எங்கும் இல்லை. பெயரின் முற்கூறு எம்மொழிக்குரிய தரவுத்தளம் என்பதைத் தீர்மானிக்க, பாதையிலுள்ள தலைப்பு பல மொழிகளுக்கும் பொதுவான நிரலொன்றுக்குக் கையளிக்கப்படுகின்றது. மற்றையது புறமாற்றம். 'நீங்கள் தேடுவது இப்பொழுது இம்முகவரியில் உள்ளது' என்று வழங்கி உலாவிக்கே அறிவிக்கும். நிரந்தர மாற்றத்துக்கு 301, தற்காலிக மாற்றத்துக்கு 302. நிரந்தரம் என அறிவிக்கப்பட்டதை உலாவி நினைவில் இருத்திக்கொள்ளும் என்பதால், விதியைப் பரீட்சிக்கும் காலத்தில் 302 ஐப் பயன்படுத்துவதே உசிதம்.

தமிழ் முகவரிகளில் இவ்விதிகளை எழுதுவோர் கைநூல்களில் எளிதிற் காணாத சில இடர்ப்பாடுகளை எதிர்கொள்வர். யு.ரி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்துக்களாக எழுதப்படும். 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது. எனவே அது முகவரியில் 45 எழுத்துக்களாக விரிகின்றது. வழங்கி விதிகளை ஒப்பிடுமுன் இவ்விரிவை அவிழ்த்துவிடும். ஆனால் புறமாற்ற விதியின் இலக்கில் விரித்த வடிவத்தையே எழுதினால், விழுக்காட்டுக் குறியே மறுபடியும் விரிக்கப்பட்டு முகவரி பழுதாகும். இதனைத் தடுக்க என்.ஈ. என்னும் கொடியை விதியின் இறுதியில் இடுதல் வேண்டும். இதனினும் நுட்பமானது ஒகர ஓகார உயிர்மெய்களின் நிலை. 'கொ' என்பதிலுள்ள குறி யுனிக்கோட்டில் ஒரே குறியீடாகவும், ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை மாத்திரம் ஒப்பிடும் வழங்கிக்கோ அவை இருவேறு பெயர்கள். தளப்பெயர்களிலும் இத்தகைய நிலை உண்டு. 2010 இல் '.இலங்கை' என்னும் உயர்நிலைப் பெயர் நடைமுறைக்கு வந்தபோதிலும், ஹோஸ்ட் வரியில் அது ரோமன் எழுத்துக்களாலான மாற்றுருவிலேயே வந்துசேரும். ஆகவே மேலே நாம் 'கவிதை' எனக் கூறிய கோப்புறையை நடைமுறையில் அவ்வுருவிலேயே பெயரிடுதல் வேண்டும்.

எமது பிரதான பிரச்சினை இவற்றிற்கு அப்பாலுள்ளது. ஆவணத்தை நகர்த்தினாலும் முகவரியைக் காக்க முடியும் என்பதை மாற்றியெழுதல் நிரூபித்துள்ளது. முகவரிகள் மாறலாகாது என்று பேர்ணேர்ஸ்-லீ 1998 இலேயே ஒரு கட்டுரையில் வலியுறுத்தியுமிருந்தார். இருந்தும் முகவரிகள் சாகின்றன. 1994 இல் தொடங்கப்பட்ட ஜியோசிற்றீஸ் தளத்தில், இலட்சக்கணக்கானோர் அயலூர்ப் பெயரும் வீட்டெண்ணும் போன்ற முகவரிகளில் தம் பக்கங்களை அமைத்திருந்தனர். 1999 இல் அதனை வாங்கிய யாகூ 2009 ஒக்டோபரில் மூடியது. ஆர்வலர்கள் விரைந்து பிரதிசெய்த பகுதிகளே எஞ்சின. வீட்டெண் இருந்தது, வீட்டுரிமை இருக்கவில்லை.

வாடகைத் தளங்களின் அமைப்பிலேயே இவ்வுறவு பொறிக்கப்பட்டுள்ளது. முதன்மை அமைப்புக் கோப்பு வழங்கியின் உடைமையாளரிடம் இருக்கும். குடியிருப்பவருக்குக் கிடைப்பது தம் கோப்புறையிலுள்ள எச்ரி-அக்செஸ் என்னும் சிறு கோப்பே. அதுவும் உடைமையாளர் அனுமதித்தாலன்றிச் செல்லுபடியாகாது, அப்பாச்சி 2.4 இல் இவ்வனுமதி இயல்பாகவே மறுக்கப்பட்டுள்ளது. என்ஜின்-எக்ஸில் அச்சிறு கோப்பும் இல்லை. பழைய முகவரிகளைப் புதியவற்றோடு இணைக்கும் அட்டவணையை அறிவிக்கும் ரீரைட் மப் கட்டளையோ முதன்மைக் கோப்பில் மாத்திரமே இடம்பெறலாம். தன் நினைவைப் பேணும் கருவி குடியிருப்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் உள்ளது.

நாம் மேற்கோள் காட்டிவந்த ஆய்விதழ் ஒன்றின் தளம் சில ஆண்டுகளுக்கு முன்னர் புதுப்பிக்கப்பட்டபோது, பழைய முகவரிகள் அனைத்தும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பிழையெண் எதுவும் தோன்றாதபடியால் எல்லாம் ஒழுங்காகவே இருப்பதாக நிர்வாகம் கருதியது. அடிக்குறிப்பைத் தொடர்ந்து சென்ற வாசகரோ கட்டுரைக்குப் பதிலாக ஒரு கட்டிடத்தின் படத்தைக் கண்டார். இல்லை என்பதை 404 என்றோ, நீக்கப்பட்டது என்பதை 410 என்றோ அறிவிப்பது இதனிலும் நேர்மையானது.

இதனைச் சீராகச் செய்ய வேண்டியது அட்டவணை ஒன்றே. இடப்புறம் பழைய கட்டுரை எண், வலப்புறம் புதிய பாதை, வரிக்கு ஒன்று. இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்க இதழைப் படித்த ஒருவரின் உழைப்பு வேண்டும். நிரலாளர் ஒருவரால் ஊகித்து எழுதிவிட முடியாது. ஆதலின் அதனை இதழின் பதிப்பாசிரியர் குழுவே தயாரித்து, இதழின் மூலப்பிரதிகளோடு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்திருத்தல் பொருத்தமாகும். வழங்கி மாறினாலும் அட்டவணை அவர்களோடு செல்லும். ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடின் அப்பாச்சியுடன் வரும் கருவியொன்றால் அதனை விரைவுத் தேடலுக்குரிய வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதுவரை சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கலாம். அதில் ஒரு வரியைச் சேர்த்துச் சேமித்ததும், கோப்பின் நேரம் மாறியிருப்பதை வழங்கி தானே கண்டுகொள்ளும். மீள இயக்க வேண்டியதில்லை.