புகை தெரிகிறது, நெருப்பு எங்கே?

என் மூன்று வயதுப் பெண்ணுக்கு ஒருநாள் சாயங்காலம் திடீரென்று காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. உடம்பு மட்டும் அனலாய்க் கொதித்தது. டாக்டரிடம் போகாமல், பதற்றத்தில் நானே தெருமுனை லேபில் ரத்தம் எடுக்கச் சொன்னேன். 'சி.ஆர்.பி. 4' என்று வந்தது. "நார்மல்தாங்க" என்றார்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. டாக்டரம்மாவிடம் ஓடினேன். "காய்ச்சல் வந்த மூணு மணி நேரத்துல டெஸ்ட் எடுத்தா என்னம்மா தெரியும்? உலை வெச்ச உடனே சோறு வெந்துடுமா?" என்றார். மறுபடி பார்த்தபோது 96!

சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்பது நம் கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். கிருமி நுழைந்தாலோ, திசுக்கள் சிதைந்தாலோ கல்லீரலுக்குத் தகவல் போகிறது. சுமார் ஆறு மணி நேரம் கழித்துத்தான் இந்தப் புரதம் ரத்தத்தில் ஏறத் தொடங்கும். உச்சத்துக்குப் போக இரண்டு நாள் ஆகலாம். இது கிருமிகள்மீது ஒட்டிக்கொண்டு, 'இதோ எதிரி' என்று வெள்ளணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்கும். பாக்டீரியா தாக்கினால் 100-ஐக்கூடத் தாண்டும். ஆனால் முடக்குவாதம், அடிபட்ட காயம், ஆபரேஷன் இவற்றிலும் ஏறும். உடம்பில் நெருப்பு இருக்கிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது.

அதை டாக்டர்தான் தேட வேண்டும். "ஒண்ணுக்குப் போறப்ப அழறாளா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. படுக்கையை நனைத்ததற்கும், பாத்ரூமில் அழுததற்கும் இரண்டு நாளாக அவளைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்தானே! சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. மருந்து கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது. மூன்று நாளில் 96 என்பது 18 ஆனது. காரணம் அடங்கிவிட்டால், ரத்தத்தில் உள்ள இந்தப் புரதம் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகுமாம்.

சகோதரிகளே, இன்னொரு விஷயம். சில லேபுகளில் லிட்டர் கணக்கு, சிலவற்றில் டெசிலிட்டர் கணக்கு. அங்கே 1 என்றால் இங்கே 10. எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். ரிப்போர்ட்டைப் பார்க்குமுன் குழந்தையைப் பாருங்கள். நான் அதைத்தான் செய்யத் தவறினேன்.